தாய்வீட்டுச் சாமி

இனாமி
நவம்பர் 27

அன்பு மகள் சுமிரேவுக்கு அப்பா எழுதுறேன். மலை மேல வெள்ளை விழுந்தாச்சு, ஊருக்குள்ள இன்னும் இறங்கலை. பனி பாரத்துல கிளை ஒடியாம இருக்க வாசல் பைன் மரத்துக்கு நேத்துதான் கயிறு கட்டி முடிச்சேன், உங்க அம்மா ஊறுகாய்க்குக் காயட்டும்னு கூரையோரம் முழுக்க முள்ளங்கியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கா, குனியாம வீட்டுக்குள்ள போக முடியலை. நாங்க ரெண்டு பேரும் சுகமாத்தான் இருக்கோம், என் கட்டைவிரல் வலியைப் பத்தி அவ உன்கிட்ட என்ன சொல்லியிருந்தாலும் அதுல பாதியைத் தள்ளிடு. அங்கே உங்களுக்கு வெயில் ஏறுற காலம், நீயும் மாப்பிள்ளையும் பையனும் சுகமா இருக்கணும், பையனைத் தொப்பி இல்லாம வெளியே தூக்கிட்டுப் போகாதே. போன் இருக்க எதுக்கு இந்த மனுஷன் கடிதம் எழுதுறார்னு நினைப்பே. போன்ல சொன்னா நீ சத்தமா வைச்சுக் கேப்பே, பக்கத்துல உன் மாமனார் டெஸ்மண்ட் உட்கார்ந்து தலையாட்டிக்கிட்டு இருப்பார். அவருக்கு நம்ம பாஷை புரியாதுன்னு நீ சொல்றே. கோடையில பத்து வாரம் என் பட்டறையில உட்கார்ந்திருந்தவருக்கு வேற எது புரியலைன்னாலும் திட்டு நல்லாப் புரியும், அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

விஷயத்துக்கு வரேன். போன மாசம் நீ ஒரு வார்த்தை சொன்னே. நம்ம குட்டிப் பையன் ஜோவுக்குத் தென்ஜின் சாமியை மாமாவே செதுக்க ஆரம்பிச்சுட்டார், நீங்க விரல் வலியோட சிரமப்படாதீங்கப்பான்னு. நல்ல மனசோடதான் சொன்னே, தெரியும். ஆனா எனக்கு அப்படியே வயிறு பத்திக்கிச்சு சுமிரே. நம்ம பக்கம் முதல் ஆண் குழந்தைக்குப் படிப்புச் சாமி தென்ஜினைக் கொடுக்கறது யாரு? தாய்வீடு. அது தாய்வீட்டுச் சீர். அப்பன் வீட்டுக்காரங்க கூடத்துல இடத்தைக் காலி பண்ணி வைச்சுட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும், அவ்வளவுதான் அவங்க பங்கு. நீ கல்யாணமாகிப் போன முதல் டிசம்பர்ல மாப்பிள்ளை வீட்டுக்குச் சீரா முழு மீன் அனுப்பணும்னு உங்க அம்மா துடிச்சா, ஏர்போர்ட்ல பிடுங்கிக்குவாங்கன்னு நீ தடுத்தே, சரின்னு விட்டேன். இதை விடுவேனா? இந்தத் தெருவுல எத்தனை வீட்டுத் தென்ஜின் என் கையால முகம் வாங்கினது, ஊரார் பேரனுக்கெல்லாம் செதுக்கிக் கொடுத்தவன் தன் பேரனுக்குச் செதுக்கலை, அதையும் சம்பந்தியே செதுக்கிக்கிட்டார்னு எதிர்வீட்டு மொச்சிதா காதுல விழுந்தா நான் இந்த ஊர்ல கொட்டாப்புளியைக் கையில எடுக்க முடியுமா? அதுவும் யார் சொல்லிக்கொடுத்த வேலை? என் உளி, என் பட்டறை, என் பாய்.

அந்த மனுஷன் வரேன்னு சொன்னப்பவே நான் உஷாரா இருந்திருக்கணும். மருமகளோட அப்பா என்ன வேலை பண்றார்னு கத்துக்க ஆசைப்படறார்னு நீ சொன்னதும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிடுச்சு, படகு கட்டின கைதானே, கற்பூர மரத்தைக் கண்டா ஒரு வாரத்துல ஓடிடும்னு நினைச்சேன். வந்தார். சம்மணம் போட்டு உட்கார வரலை, பீர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அது மேல உட்கார்ந்தார். இழைப்புளியை நம்மளை மாதிரி தன் பக்கமா இழுக்காம அந்தப் பக்கமாத் தள்ளினார். நான் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். முதல் மூணு வாரம் உளி தீட்டறதைத் தவிர வேற எதுவும் கொடுக்கலை, எனக்கு எங்க அப்பா கொடுத்ததும் அதுதான், நான் அழுதுக்கிட்டே தீட்டினேன். இவர் சீட்டியடிச்சுக்கிட்டே தீட்டறார்! மொச்சிதா வந்து ஒரு உளியை எடுத்து முன்கை மயிர்ல வைச்சுப் பார்த்துட்டு, ஷிகே, உன் உளியையும் அவர்கிட்டயே கொடுத்துத் தீட்டிக்கோயேன்யான்னு சொல்லிட்டுப் போறான். ஜூலைத் திருவிழாவுல கோயில்ல கானாங்கெளுத்தியும் சோறும் சேர்த்துப் பீப்பாய்ல புளிக்கவைச்சது போட்டாங்களே, அதைக் கண்டாவது முகத்தைச் சுளிப்பார்னு நான் பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தேன். தட்டை நீட்டி இன்னொரு தடவை வாங்கிச் சாப்பிட்டார். பந்தியே கை தட்டுச்சு. நான் அதைப் பிறந்ததுல இருந்து சாப்பிடறேன், எனக்கு யாரும் தட்டினதில்லை.

உங்க அம்மாவைக் கேட்கவே வேண்டாம், டெஸ்மண்ட்னு வாயில வராம டெசு அண்ணா ஆக்கிட்டா. டெசு அண்ணாவுக்கு மீன்ல முள் எடுத்து வை, டெசு அண்ணாவுக்குக் கால் நீட்ட இடம் விடுங்கன்னு. ரெண்டு பேருக்கும் ஒருத்தர் பாஷை இன்னொருத்தருக்குத் தெரியாது, ஆனா சமையல்கட்டுல நின்னுக்கிட்டு அப்படி ஒரு சிரிப்பு. பாஷை தெரிஞ்ச நான் இத்தனை வருஷத்துல சொன்ன ஒரு வேடிக்கைக்கும் அவ அப்படிச் சிரிச்சதில்லை. என்னடி சிரிப்புன்னு கேட்டா, உங்களுக்குப் புரியாதுங்கன்னு சொல்றா.

ஒரே ஒரு நாள் நான் நிம்மதியாத் தூங்கினேன், அதையும் சொல்லிடறேன். ப்ளம் பூப் பலகை ஒண்ணு கொடுத்திருந்தேன், கத்துக்கறவங்களுக்கு முதல்ல கொடுக்கற பலகை. இதழெல்லாம் மோசமில்லை. மறுநாள் காலையில வந்து பார்த்தா, மனுஷன் பெட்டியில கொண்டுவந்திருந்த உப்புத்தாளை எடுத்துப் பூ முழுக்கத் தேய்ச்சு வழவழன்னு ஆக்கி வைச்சுட்டு, பரிசு வாங்கின பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிக்கிறார். நம்ம தெருவுல உப்புத்தாளை வாசப்படி தாண்டிக் கொண்டுவரவே மாட்டாங்க, உளி போன தடம்தானே வேலை, அதைத் தேய்ச்சா என்ன மிச்சம்? படகுக்கு வழவழப்பு வேணும், பூவுக்கு எதுக்கு? எனக்கு வந்த சந்தோஷத்துல அவரைத் திட்டக்கூட இல்லை. ஐயோ பாவம், போகட்டும்னு பெரிய மனுஷன் மாதிரி தோளைத் தட்டிக்கொடுத்தேன். சாயங்காலம் உங்க அம்மா அந்தப் பலகையைத் தடவிப் பார்த்து, குழந்தை கன்னம் மாதிரி இருக்கேன்னு சொல்லி அடுப்புக்கு மேல ஆணியடிச்சு மாட்டிட்டா. இன்னும் அங்கேதான் தொங்குது. கோயில் உத்தரத்துக்கு டிராகன் செதுக்கினவனோட வேலை ஒண்ணுகூட அவ சமையல்கட்டுல இல்லை. கேட்டா, உங்களுதுல இண்டு இடுக்கெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு சேரும், யார் துடைக்கறதுங்கறா.

ஆனா ஒண்ணை நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கலை. அங்கி, அங்கி மடிப்பு, தொப்பி, கை எல்லாம் காட்டினேன். முகம் காட்டலை. எந்தப் பட்டறையிலயும் சாமி உடம்பைச் சீடன் தொடலாம், முகம் பட்டறைக்காரன் கைக்குத்தான், அது வழக்கம், அதனால நான் கஞ்சத்தனம் பண்ணினேன்னு யாரும் சொல்ல முடியாது. கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி அவர் போனை நீட்டினார், அது அவர் பேசினதை நம்ம பாஷையில மாத்திப் பொம்பளைக் குரல்ல தெளிவாத்தான் கேட்டுச்சு, முகத்தை எங்கிருந்து ஆரம்பிக்கணும் ஐயான்னு. நான் காது கேட்காத மாதிரி கொட்டாப்புளியை ஓங்கித் தட்டினேன். அது இன்னொரு தடவை கேட்டுச்சு. நான் இன்னும் ஓங்கித் தட்டினேன். இப்போ அங்கே அவர் செதுக்கற சாமி கழுத்து வரைக்கும் வந்து நிக்குது, முகம் எப்படின்னு அப்பாவைக் கேட்டுச் சொல்லேன்னு உன்னைக் குடையறார்னு சொன்னியே, அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு குளுகுளுன்னு இருந்துச்சு தெரியுமா. விரல் வலிகூடப் போன மாதிரி இருந்துச்சு.

இதெல்லாம் எதுக்குன்னு கேப்பே. உனக்குத் தெரியாதது இல்லை. உங்க அம்மா உன் பிரசவத்துக்கு வந்து பையனைக் குளிப்பாட்டிட்டு வந்தா. நான் கோயில் வேலை பாதியில நின்னதால வரலை. இன்னும் அவனை ஒரு தடவைகூடத் தூக்கினதில்லை. உன் மாமனார் அவனைக் கழுத்துல உட்கார்த்தி வைச்சுக்கிட்டுக் கடற்கரையெல்லாம் சுத்தறார். பத்து வாரம் இங்கே இருந்துட்டுத் திரும்பினவரை ஏர்போர்ட்ல பார்த்ததும் அடையாளம் கண்டுக்கிட்டுத் தாவினானாம், நீதான் சந்தோஷமாச் சொன்னே. என் முகம் போன்ல தெரிஞ்சா உதட்டைப் பிதுக்கி அழறான். நான் என்ன பூச்சாண்டியா? மீசையைப் பார்த்துப் பயப்படறான்னு அம்மா சொன்னதும் மீசையை எடுத்தேன், ஊரே சிரிச்சுச்சு, அப்பவும் அழுதான். கண்ணாடியைக் கழட்டினேன், இன்னும் ஜாஸ்தி அழுதான். ஜோங்கற பேரு நம்ம பேருதான்னு நான் இங்கே எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன், அது தன்னோட அப்பா பேருன்னு அவர் அங்கே சொல்லிட்டு இருக்காராம். பேரும் போச்சு, தோளும் போச்சு. அந்தச் சாமி ஒண்ணாவது என்னுதா இருக்கணும், புது வருஷத்துல பையன் அது முன்னால உட்காரணும்னு ஒரே பிடிவாதமா ஆரம்பிச்சேன்.

உன் கல்யாணத்தப்பவே எடுத்து வைச்ச கற்பூர மரத் துண்டு இருந்துச்சு. உடம்பு ஒரு குறையும் இல்லாம வந்துச்சு, அங்கி மடிப்பை நீ பார்த்தா தெரியும், இந்த வருஷம் நான் பண்ணினதுல அதுதான் நல்ல வேலை. தலையைத் தனியாச் செதுக்கிக் கழுத்துக் குழியில இறக்கறதுதானே நம்ம வழக்கம். தலைக்கு உட்கார்ந்தேன். தென்ஜின் முகம் எனக்குத் தூக்கத்துல வரும், ஒடுங்கின மூக்கு, மேல ஏறின புருவம், இறுக்கின வாய். செதுக்கி முடிச்சுத் தொப்பியையும் வைச்சுட்டுப் பெருமையாப் பார்த்துக்கிட்டு இருக்கேன், அம்மா டீ கொண்டு வந்தா. தட்டைக் கீழே வைச்சா. அப்படியே தரையில உட்கார்ந்தா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, ஐயையோ, டெசு அண்ணாவுக்குத் தொப்பி எவ்வளவு பொருத்தமா இருக்குன்னு சொல்லிச் சிரிக்கிறா, கண்ணுல தண்ணியாக் கொட்டுது. நான் சும்மா இருடின்னு கத்திட்டு வெளிச்சத்துல கொண்டுபோய்ப் பார்த்தேன். அவருடைய மூக்கு. நடுவுல முட்டு வைச்ச அந்தப் பெரிய மூக்கு. காது மடலும் அவருது. கண்ணோரத்துச் சுருக்கம்கூட அவருது.

அதை அடுப்புல போட்டுட்டு வேற தலை எடுத்தேன். ஒவ்வொரு வெட்டையும் யோசிச்சு யோசிச்சு வைச்சேன். மொச்சிதா ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, எந்த ஊர் ஆர்டர்யா இது, வெள்ளைக்காரத் தென்ஜின்னு கேக்கறான். அதே மூக்கு. என்ன நடந்திருக்குன்னு அப்புறம்தான் புரிஞ்சுச்சு. கோடை முழுக்க அந்த மனுஷனுக்கு எதிர்ல உட்கார்ந்து, எப்போ தப்பு பண்ணுவார், எப்போ முகம் சுண்டும்னு மரத்தைப் பார்க்காம அவர் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன். அவ்வளவு ஆசையா நான் உங்க அம்மா முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. பொறாமையில பார்த்ததைக் கை படிச்சு வைச்சுக்கிச்சு. அவருக்குச் சொல்லிக்கொடுக்க மாட்டேன்னு நான் ஒளிச்சு வைச்ச முகம், என் கையில அவர் முகமாவே வந்து நிக்குது. இதை எங்க போய்ச் சொல்றது.

மூக்கை மட்டும் சீவிடலாம்னு முடிவு பண்ணினேன். சீவினா மூஞ்சி கொஞ்சம் தட்டையாகும், ஆகட்டும். போன ஞாயித்துக்கிழமை நீ கூப்பிட்டப்போ ஒரு கையில தலையும் ஒரு கையில உளியுமாத்தான் உட்கார்ந்திருந்தேன். நீ பேசிக்கிட்டே இருந்தே, பால் பொங்கற சத்தம் கேட்டு ஐயோன்னு போனைப் பையன் முன்னால சாய்ச்சு வைச்சுட்டு ஓடினே. அப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது, உங்க அம்மாவுக்கும் தெரியாது, அவ முள்ளங்கி கட்டிக்கிட்டு இருந்தா. பையன் என்னைப் பார்த்தான். உதடு பிதுங்குச்சு. ஆரம்பிச்சுட்டான். நான் நாக்கைத் துருத்தினேன், நாய் மாதிரி குலைச்சேன், வீல்னு கத்தறான். என்ன பண்றதுன்னு தெரியாம கையில இருந்த தலையைத் தூக்கி என் முகத்துக்கு முன்னால பிடிச்சேன், என் முகம் தெரியாம இருந்தாலாவது நிறுத்துவான்னுதான். நிறுத்திட்டான். தலையோட காதுப் பக்கமா ஒரு கண்ணால பார்த்தேன். முன்னால சாய்ஞ்சு, எச்சில் ஒழுக, கீழே இருக்கற ரெண்டு பல்லும் தெரிய அப்படிச் சிரிக்கிறான். கையால தட்டறான், போனே ஆடுது. எனக்கு நேரா சிரிச்சு நான் பார்த்ததே இல்லையே, அதனால தலையை மெதுவா ஒதுக்கி, பாருடா, தாத்தாடான்னு சொன்னேன். அழ ஆரம்பிச்சான். மறுபடி முகத்துக்கு முன்னால வைச்சேன். சிரிச்சான். இன்னொரு தடவை ஒதுக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரலை. நீ திரும்பி வர வரைக்கும் அதுக்குப் பின்னாலயே உட்கார்ந்திருந்தேன். நீ வந்து, என்னப்பா, இன்னிக்கு இவ்வளவு குஷியா இருக்கான், என்ன வேடிக்கை காட்டினீங்கன்னு கேட்டே. நான் விரல் வலிக்குதுன்னு சொல்லிட்டுப் போனை வைச்சேன்.

உளியைத் துடைச்சு உள்ளே வைச்சுட்டேன். மூக்கு அப்படியே இருக்கட்டும். எனக்கு இன்னும் எரியுது, அதை மறைக்க மாட்டேன், நேத்துப் பெட்டியில வைச்சுப் பஞ்சு சுத்தும்போதுகூட அந்த மூக்கு மேல ஒரு குட்டு வைச்சுட்டுத்தான் மூடினேன். இன்னிக்கே தபால்ல போடறேன், சாமியைக் கூடத்துல வைக்கற நாள் டிசம்பர் இருபத்தஞ்சு, அதுக்கு முன்னாடி வந்துடும், மரச் சாமான்னு மேலயே எழுதி ஒட்டியிருக்கேன், கஸ்டம்ஸ் ஆபீசர் பெட்டியைத் திறந்தா திறக்கட்டும். ஈரத்துணியால துடைக்காதே, ஹீட்டர் பக்கம் வைக்காதே. ஜனவரி இருபத்தஞ்சு வரைக்கும் கூடத்துலயே இருக்கணும், பையன் தவழ்ந்து போய்த் தொட்டா அடிக்காதே, எச்சில் பட்டாலும் பரவாயில்லை. உன் மாமனார்கிட்ட இது யார் முகம்னு நீயா வாயைத் திறக்காதே. அவரா கண்டுபிடிச்சு அழுதார்னா, அந்த மனுஷன் அழக்கூடிய ஆள்தான், எங்க ஊர்ல எல்லாத் தென்ஜினும் இப்படித்தான் இருக்கும்னு சொல்லிடு. முகம் எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டாரே, மூக்கு நுனியில இருந்துன்னு சொல்லு. அதுக்கு மேல இந்த வருஷம் சொல்ல மாட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் மனசு ஒத்து நல்லா இருங்க. குழந்தை நோய்நொடி இல்லாம வளரட்டும், சாமி அவனுக்கு நல்ல படிப்பைக் கொடுக்கட்டும். கடைசியா ஒண்ணு, இதை மறந்துடாதே. பீடத்துக்கு அடியில நம்ம எழுத்துல என் பேரை வெட்டியிருக்கேன், கொஞ்சம் ஆழமாவே வெட்டியிருக்கேன். அவனுக்கு நம்ம எழுத்தைச் சொல்லிக்கொடு. எழுத்துக் கூட்டிப் படிக்க வந்த அன்னிக்குச் சாமியைக் கவிழ்த்து அவன் கையில கொடு. அதுவரைக்கும் அவன் யார்னு நினைச்சு வேணும்னாலும் சிரிக்கட்டும்.

ஆசீர்வாதத்தோட,
உன் அப்பா
ஷிகெனோரி